நான் தேடிப் பிடித்த விலைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ, மாப்பிள்ளை, சின்னக்குட்டி மூன்று பேரும் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே அப்பாவின் வலது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். அதுவும் ரொம்ப மோசமில்லை, படி இறங்கும்போது மட்டும் முரண்டு பிடிக்கிறது, ஏறும்போது சும்மா இருக்கிறது, டாக்டர் கேட்டால் அப்பா இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு வருகிறார். கூரியரில் இத்தனை பெரிய உறையைப் பார்த்து நீ பயந்திருப்பாய், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் வாயைத் திறந்தால் நீ பாதியிலேயே, சரிம்மா விடும்மா என்று என்னை மன்னித்துவிடுவாய். அப்பா பின்னாலிருந்து ஸ்பீக்கரில் போடு, ஸ்பீக்கரில் போடு என்று பிடுங்குவார். கடைசியில் சின்னக்குட்டியின் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவேன். எழுதினால் நடுவில் யாரும் பேச முடியாது, நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

வீட்டுச் செய்தி என்று பார்த்தால், லிஃப்டைச் சரி செய்துவிட்டார்கள். இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறது, யாரும் கேட்காத மாடியிலும் நிற்கிறது. எதிர் வீட்டுத் தையல்காரர் கதவுக்கு இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டுவிட்டு இரண்டு சாவியையும் எங்களிடமே கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருக்கிறார். அப்பா பழைய ரேடியோவைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார், நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம், எப்போது மறுபடி பூட்டுவீர்கள் என்று கேட்டால் "பிரிக்கறதுதான் கஷ்டமான வேலை, அது முடிஞ்சுபோச்சு" என்கிறார். கீழ் வீட்டில் எங்கள் மதியச் சீட்டாட்டம் வழக்கம்போல நடக்கிறது, நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒருத்தி புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், முகத்தில் ஒன்றையும் காட்டாமல் எல்லோரையும் மொட்டை அடிக்கிறாள். இப்படியே விட்டால் இன்னும் நாலு பக்கம் எழுதுவேன், சொல்ல வந்தது மட்டும் அப்படியே நிற்கும். என் லட்சணம் எனக்குத் தெரியும்.

விஷயம் நீ அனுப்பிய அட்டவணையைப் பற்றியது. உன்னைப் போலப் புள்ளியியல் படித்துவிட்டு மருந்துச் சோதனைக் கம்பெனியிலோ காப்பீட்டுக் கம்பெனியிலோ கணக்குப் பார்க்கிறவர்களுக்கு ஊருக்கு ஊர் என்ன சம்பளம், அதில் வரி போக, வாடகை போக, பால், ரொட்டி, பஸ் போக, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்குக் கட்டியதும் போக, மாதக் கடைசியில் கையில் என்ன நிற்கும் என்று வரிசை வரிசையாகப் போட்டிருந்தாயே, அது. அப்பா அதை அச்செடுத்து வந்து அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தார். ஒரே படிப்பு, ஒரே வேலை, ஊர் மாறினால் மனிதன் பணக்காரனாகவும் ஆகிறான் பரம ஏழையாகவும் ஆகிறான் என்று எங்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சம்பளத்தில் முதலில் நின்ற உன் ஊர், கையில் மிஞ்சுவதில் நாலாவது இடத்துக்கு வழுக்கி வந்திருந்தது. ஏதோ ஒரு சின்னத் துறைமுக ஊரில் உன்னைவிடக் கால் பங்கு குறைவாக வாங்குகிற காப்பீட்டுக் கணக்குக்காரன்தான் எல்லோரையும்விட அதிகம் மிச்சம் பிடிக்கிறான். அப்பா அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவு படிக்க வெச்சதுக்குப் பேசாம துறைமுகத்துல ஒரு வீட்டை வாங்கிப் போட்டிருக்கலாம்" என்றார். கடைசி வரிசையில் சம்பளம் மட்டும் இருந்தது, மற்றதெல்லாம் காலி. அது நம் ஊர். பெரிய ஆஸ்பத்திரியில் புதிதாகப் புள்ளிவிவரப் பிரிவு தொடங்கி அதற்கு உன்னைத் தலைவியாகக் கூப்பிட்டிருந்தார்கள், சம்பளம் நீ இப்போது வாங்குவதில் பாதிகூட இல்லை. அந்த வரிசைக்கு விலை எடுத்துத் தரும்படி என்னைக் கேட்டாய். "உன்னைவிட யாரும்மா சரியா எடுப்பாங்க" என்றாய். நான் அன்றைக்குப் பெருமையில் பூரித்துப் போனது உண்மை.

என் உத்தியோகம் என்ன என்று நீ சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது, அம்மா கடை கடையாகப் போவாள், ஆனால் ஒன்றும் வாங்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தாய். கிட்டத்தட்ட அதுதான். விலைவாசிக் குறியீட்டுக்காக மாதாமாதம் அதே கடை, அதே எடை, அதே சரக்கு, இன்றைக்கு என்ன விலை. கடைக்காரர்கள் என்னை விலையம்மா என்று கூப்பிடுவார்கள், சிலர் நான் வருவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த வேலையில் திறமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, ஒரே ஒரு ஒழுக்கம்தான், கடையை நீ தேர்ந்தெடுக்கக் கூடாது. விலை எப்படி வர வேண்டும் என்று உனக்கு ஒரு நினைப்பு இருந்தால் உன் கால் தானாக அந்தக் கடைக்குப் போய்விடும். ஊரில் நடுத்தரமானவர்கள் எங்கே வாங்குகிறார்களோ அங்கேதான் போக வேண்டும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் உனக்குப் பாலை ஆஸ்பத்திரி முக்கில் புதிதாகத் திறந்திருக்கும் கண்ணாடிக் கதவுக் கடையில் எடுத்தேன். முட்டை, அட்டைப் பெட்டியில் அடுக்கி மேலே கோழியின் படம் போட்டு விற்கிற முட்டை. வாடகைக்கு ஆற்றோரம் கட்டியிருக்கும் உயரமான கட்டடத்துக்குப் போய், வாசலில் சீருடை போட்ட காவலாளியிடம் விசாரித்தேன். மின்சாரத்துக்கு, எதிர் வீட்டுத் தையல்காரரின் மகன் குடும்பம் வந்து தங்கி எல்லா அறையிலும் ஏசி ஓடிய மாதத்தின் பில்லை வாங்கிப் பார்த்தேன். குழந்தையை விடும் இடத்துக்கு, நீச்சல் குளமும் இரண்டு பியானோவும் இருக்கிற இடத்தின் கட்டணம். ஒன்றுகூடப் பொய்யில்லை. எல்லாம் யாரோ ஒருவர் உண்மையில் கொடுக்கிற விலைதான், ரசீதுகூட வைத்திருக்கிறேன். நம் ஊரில் எது எது விலை அதிகமோ அதையெல்லாம் தேடித் தேடிப் போய் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ வர வேண்டாம் என்றுதான் அப்படிச் செய்தேன்.

எழுதிவிட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நீ போனில் பேசியது இருக்கிறதே, அதுதான் என்னைத் தின்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டாய், நம் ஊர் கடைசியிலும் கடைசியாக வந்திருக்கிறது, மாதா மாதம் கையைக் கடிக்கும், கட்டுப்படி ஆகாது என்று சொன்னாய். சாதாரணமாகத்தான் சொன்னாய். நான் அடப்பாவமே என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை எப்படி அத்தனை இயல்பாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பிறகு நீ இன்னொன்றும் சொன்னாய், இணையத்தில் நம் ஊர் விலைகள் என்று போட்டிருந்ததெல்லாம் நான் எடுத்ததைவிட ரொம்பக் குறைவாக இருந்ததாம், இரண்டுக்கும் ஒத்தே வரவில்லையாம், அதனால் இணையத்தில் இருந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு அம்மாவின் விலையை வைத்துக்கொண்டாயாம். "அதெல்லாம் யார் எடுத்ததோ, இது நீ எடுத்தது" என்றாய். வேறு எந்த மகளாக இருந்தாலும், அம்மா ஏதோ குத்துமதிப்பாக எழுதியிருக்கிறாள் என்று பாதியைத் தள்ளிவிட்டிருப்பாள். நீ புள்ளிவிவரக்காரியாக இருந்தும், நான் விலையம்மாவாக இருந்ததாலேயே ஏமாந்தாய். ஊரே பொய், அம்மா ஒருத்திதான் நிஜம் என்று நீ எடுத்துக்கொண்ட ஒரே தடவை நான் சரியாக இல்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். எனக்கே நான் முதலில் சொல்லிக்கொண்டது நல்ல காரணம். அப்பாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆனதிலிருந்துதானே நீ ஊர் ஊர் என்று ஆரம்பித்தாய், எங்களுக்காக உன் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு பாதிச் சம்பளத்துக்கு வரக் கூடாது, நாளைக்குச் சின்னக்குட்டி வளர்ந்து ஏன் வந்தாய் என்று கேட்டால் நீ எங்களைக் கைகாட்டும்படி ஆகக் கூடாது. இது நிஜம்தான், ஆனால் முழு நிஜம் இல்லை. அதற்கு அடியில் வீம்பு இருந்தது. மகள் அங்கே பெரிய கம்பெனியில் இருக்கிறாள் என்று சொல்லும்போது கீழ் வீட்டில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே எல்லோரும் ஒரு கணம் என்னைப் பார்ப்பார்கள், உள்ளூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றால் பார்க்க மாட்டார்கள். அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது, அதை எழுத எனக்குக் கை கூசுகிறது. போன தடவை நீ வந்து தங்கியிருந்தபோது என் மருந்துகளுக்கெல்லாம் லேபிள் ஒட்டினாய், அலமாரியை மாற்றி அடுக்கினாய், எனக்கு நடைப்பயிற்சிக்கு நேரம் குறித்துக் கொடுத்தாய், சின்னக்குட்டி நாள் முழுக்க என் முந்தானையில் தொங்கினாள். எல்லாம் பாசத்தில் செய்ததுதான், எனக்குத் தெரியாதா? நீங்கள் விமானம் ஏறிய அன்று மதியம் நான் அழுதேன். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு சீட்டாடப் போனேன், போகும்போது எனக்கு அப்பாடா என்று இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக மதியம் என்று ஒன்று எனக்குச் சொந்தமாகக் கிடைத்திருக்கிறது. நீ திரும்பி வந்தால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது என் தலையில் விழும், மதியம் போய்விடும் என்று பயந்தேன். பெற்ற மகளைவிட ஒரு கட்டுச் சீட்டு பெரிதாகிவிட்டதா என்று கேட்டால், அந்தக் கண்ணாடிக் கடை வாசலில் நின்று பால் விலையை எழுதிக்கொண்ட அன்றைக்குப் பெரிதாகத்தான் இருந்திருக்கிறது. இதைவிடக் கேவலம் என்ன தெரியுமா? உன் அட்டவணையில் குழந்தை பராமரிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் பணம் கட்டி விடும் இடத்தைத்தான் நீ கேட்டிருந்தாய். அம்மா பார்த்துக்கொள்வாள், செலவு பூஜ்யம் என்று நீ போடவே இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நீ கேட்காத ஒன்றுக்குப் பயந்து நான் உனக்குத் துரோகம் செய்திருக்கிறேன்.

இதெல்லாம் நடந்தும் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன், மாப்பிள்ளை கூப்பிடாமல் இருந்திருந்தால். அவர் பல் செட் செய்கிற பட்டறையிலிருந்து கூப்பிட்டார், பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. ஊர் மாறுவதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லையாம், பல் எல்லா ஊரிலும் விழத்தான் செய்கிறது, எங்கே போனாலும் அவருக்கு வேலை உண்டு என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு உன்னைப் பற்றிச் சொன்னார். நீ வேலை முடிந்து வரும்போது தேநீர்க் கடை வாசலில் நின்று விலைப் பலகையை முழுக்கப் படித்துவிட்டு ஒன்றும் குடிக்காமல் வந்துவிடுகிறாயாம். அந்த வீட்டில் திறக்கிற ஜன்னல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெளியே பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறாயாம். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறாயாம். நம் ஊர் கட்டுப்படி ஆகாது என்று கணக்கு வந்த அன்று சமையலறையில் நின்று அழுதாயாம். "அத்தை, அவ உங்களுக்காக வரணும்னு நெனைக்கல. அவளுக்கே வரணும். வெளியில சொல்ல ஒரு சாக்கு வேணும்னுதான் அந்தக் கணக்கையே போட்டா. கணக்கு மட்டும் சரியா வந்திருந்தா அன்னிக்கே பெட்டியக் கட்டியிருப்பா" என்றார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று நீ கடிதம் தட்டச்சு செய்து வைத்திருக்கிறாய், மாதக் கடைசிவரை நேரம் இருப்பதால் இன்னும் அனுப்பவில்லை என்றும் சொன்னார். நம் ஊர்க் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது, என் கடிதம் வருகிறவரை அதை அனுப்ப விடாதீர்கள் என்று மட்டும் கெஞ்சினேன். என்ன தப்பு என்று அவர் கேட்கவில்லை, சரி அத்தை என்றார். நல்ல மனிதர். உனக்கு நான் மாப்பிள்ளை தேட வேண்டியிருக்கவில்லை, நீயே சரியாகத் தேர்ந்தெடுத்தாய்.

போனை வைத்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரேடியோவின் ஏதோ ஒரு சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் தலை நிமிராமல் கேட்டார். பிறகு "பால் விலையப் பார்த்தப்பவே தெரிஞ்சுது. தெனமும் பால் வாங்கறது நான்தானே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிந்துகொண்டே ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கத்தினேன். "அவ வந்தா என்னைக் கையப் பிடிச்சு மாடி எறக்குவா. எனக்கு அது வேணாம்னு இருந்துது" என்றார். நம்முடைய இரண்டு பேர் வீம்பும் சேர்ந்து ஒரு பிள்ளையை ஜன்னல் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டதே என்று நான் சொன்னேன், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மேல் நான் பழி போடவில்லை. பேசாமல் இருந்தது அவர், எழுதி அனுப்பியது நான்.

மறுநாள் பையை எடுத்துக்கொண்டு சரியான விலைகளை எடுத்து வரக் கிளம்பினேன். முதலில் ரொட்டிக் கடை. அங்கே உள்ளே தட்டில் அன்றைய ரொட்டி இருந்தது, வாசலில் கூடையில் முந்தின நாள் ரொட்டி பாதி விலைக்குக் கிடந்தது. என் கண் நேராகக் கூடைக்குத்தான் போனது, கையும் எழுத ஆரம்பித்துவிட்டது. அங்கேயே நின்றுவிட்டேன். இப்போது நீ வர வேண்டும் என்று எனக்கு வெறி, அதனால் ஊரில் எது மலிவோ அதுதான் என் கண்ணில் படுகிறது. அன்றைக்கு ஒரு பக்கம் சாய்ந்தேன், இன்றைக்கு மறுபக்கம் சாய்கிறேன், இந்தக் கையால் இனிமேல் நம் ஊர் விலையை எடுக்கவே கூடாது என்று புரிந்தது. கடைக்காரர் "என்ன விலையம்மா, ரொட்டியைப் பார்த்து முழிக்கிறீங்க" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தேன், அந்தக் கடையில் நான் காசு கொடுத்து வாங்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நேரே பழைய அலுவலகத்துக்குப் போனேன். அழிரப்பர் என்று நாங்கள் பெயர் வைத்திருந்தவளை உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்குப் பக்கத்து மேஜை, ஒரு எண்ணை எழுதி அழித்து மறுபடி எழுதி மறுபடி அழித்துக் காகிதத்தையே ஓட்டை போட்டுவிடுவாளே, அவள்தான். என் பிரிவு உபசார விழாவில் எழுந்து நின்று, அவசரக்காரி, ஆனால் கெட்டிக்காரி என்று என்னைப் பற்றிச் சொன்னாள். அந்த அவசரக்காரி என்ற வார்த்தைக்காக அன்றிலிருந்து நான் அவளோடு பேசுவதில்லை. அவளிடம்தான் போய் நின்றேன். மூன்றாம் மாடி, அதே சத்தம் போடும் மின்விசிறி, இப்போது அதை முழுக்கத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். ஒரு குடும்பம், கணவன் மனைவி, ஒரு சின்னக் குழந்தை, மனைவிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, கணவனுக்குப் பல் பட்டறையில் வேலை, ஒரு மாதம் வாழ இந்த ஊரில் என்ன ஆகும், எடுத்துத் தருவாயா என்று கேட்டேன். "நீங்களே எடுக்கலாமே, உங்களுக்குத் தெரியாத கடையா" என்றாள், குரலில் கொஞ்சம் குத்தல் இருந்தது. "இதுல எனக்கு ஆசை இருக்கு. அதனால நான் எடுக்கக் கூடாது" என்றேன். அவள் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். என்ன ஆசை என்று கேட்கவில்லை, அது எங்கள் வேலையில் கேட்கிற கேள்வி இல்லை. விசிறியைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தாள். அவசரக்காரி என்று அவள் சொன்னது சரிதான் போலிருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

அவள் தன் விடுமுறை நாளில் அலைந்து எடுத்துக்கொண்டு வந்து கொடுத்த உறைதான் இதற்குள் இருக்கிறது. நான் பிரித்துப் பார்க்கவில்லை, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்க்கவில்லை, அப்பா பிடித்துப் பார்க்கப் போனார், கையில் ஒரு அடி போட்டேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. நம் ஊர் கட்டுப்படி ஆகும் என்று வந்திருக்கலாம், நிஜமாகவே ஆகாது என்றும் வந்திருக்கலாம், நான் செய்தது அப்போதும் தப்புதான். ஒரே ஒரு விஷயம் மட்டும் அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரிப் பக்கம் இரண்டு அறை வீடு ஒன்றுகூட வாடகைக்கு இல்லையாம். "கிடைக்கலைன்னு எழுதியிருக்கேன். நீங்களா எதையாவது நிரப்பி வெச்சுடாதீங்க" என்றாள். நிரப்பவில்லை. ஆனால் அதைப் பற்றி உன்னிடம் கேட்கலாம் அல்லவா, அதனால் கேட்கிறேன். வீடு கிடைக்கிறவரை எங்களோடு இருங்கள். அப்பாவின் சாமான்கள் இருக்கிற அறையைக் காலி செய்து தர அவர் ஒத்துக்கொண்டார், ரேடியோ உட்பட. சின்னக்குட்டியை வாரத்தில் இரண்டு மதியம் நான் பார்த்துக்கொள்கிறேன், மற்ற மதியங்கள் எனக்கு வேண்டும், அதற்கு நீ பணம் கட்டி ஒரு இடம் பார்க்கத்தான் வேண்டும். தியாகி மாதிரி எல்லா நாளும் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதலாம் என்றுதான் கை போனது. அப்படி எழுதினால் பிறகு உன் மேல் எரிந்து விழுவேன், ஒரு பொய்க்கு இன்னொரு பொய்யைப் பதிலாகக் கொடுத்தது போல ஆகும். மருந்துக்கு லேபிள் ஒட்டுவதை மட்டும் வேண்டுமானால் செய், அது எனக்கு உதவியாகத்தான் இருக்கிறது, அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை.

என் மேல் உனக்குக் கோபம் வந்தால் வரட்டும், அடக்கிக்கொண்டு அம்மா பாவம் என்று பேசாதே, திட்டு. கொஞ்ச நாள் போன் பேசாமல் இருந்தாலும் சரி, அப்பாவுக்கு மட்டும் இரண்டு வார்த்தை பேசு, அவர் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். இனிமேல் நான் எந்த விலை சொன்னாலும் இன்னொரு இடத்திலும் விசாரித்துக்கொள். ஆஸ்பத்திரிக்கு எழுதிய கடிதத்தை உறையைப் பிரித்துக் கணக்குப் போட்டு முடிக்கிறவரை அனுப்பாதே, மாதக் கடைசிக்கு இன்னும் நாள் இருக்கிறது. வேலை முடிந்து வரும்போது அந்தக் கடையில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போ, விலை என்னவாக இருந்தாலும் சரி. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், சின்னக்குட்டிக்கு அந்தப் பல் வலிக்காமல் முளைக்க வேண்டும், எங்கே இருந்தாலும் நீ வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆசீர்வாதமும் உங்களுக்கு உண்டு.

கடைசியாக ஒன்று. முதல் தடவை விலை எடுத்தபோது என் மனதில் என்ன இருந்தது என்று உனக்குச் சொல்லவில்லை, அதுதான் தப்பு. இந்தத் தடவை சொல்லிவிடுகிறேன். எனக்கு நீ வர வேண்டும் போல இருக்கிறது. ரொம்ப இருக்கிறது. அதை அப்படியே கழித்துவிட்டுக் கணக்குப் போடு. கழித்த பிறகும் உனக்கு வர வேண்டும் என்று தோன்றினால், வா.

உன்
அம்மா